புதுப்பிப்பு: கருப்பிக்கு முடி முளைக்கிறது

எங்கள் மூன்று மாத நாய்க்குட்டி கருப்பிக்குக் கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் முடி கொட்டுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். வேப்பெண்ணெய் தடவச் சொன்னீர்கள். நக்கிவிடுமே என்ற பயத்தில் தடவவில்லை.

கடலூரிலிருந்து பஸ்ஸில் முடியாது என்று ஆட்டோ பேசி, புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். பிளேடால் தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். டெமோடெக்ஸ். கண்ணுக்குத் தெரியாத பூச்சி. பிறந்த முதல் சில நாட்களில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து வந்துவிடுமாம். பெரும்பாலான நாய்களிடம் கொஞ்சம் இருக்கும், எதிர்ப்புச் சக்தி போதாத குட்டியிடம் பெருகிவிடுகிறது. மனிதருக்கு ஒட்டாது. அதைக் கேட்ட பிறகுதான் அம்மா கருப்பியை மறுபடி மடியில் விட்டார்.

முக்கியமான விஷயம்: வீட்டில் இருந்த அரிப்பு க்ரீமைத் தடவ நினைத்தேன். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, எதிர்ப்புச் சக்தியை அடக்கிப் பூச்சியை இன்னும் பெருக்கிவிடும் என்றார் டாக்டர். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

எடை பார்த்து மாத்திரை கொடுத்தார்கள், குடற்புழு மருந்தும். நேற்று கண்ணோரம் பஞ்சு மாதிரி கறுப்பு முடி தெரிந்தது. அப்புறம், அடுத்த மாதம் மறுபடி சுரண்டிப் பார்ப்பார்கள். பூச்சி இல்லை என்று வரும்வரை மருந்தை நிறுத்தக்கூடாதாம்.