101 டேப் ஃபில்டர் போட்டால் ஒலி பொரிகிறது, உதவி தேவை

தர்மபுரியில் ஈ.சி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பாலக்கோட்டில் வீட்டிலேயே எஸ்.டி.எம்.32 எஃப்407 டிஸ்கவரி என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் எஃப்.ஐ.ஆர். லோ-பாஸ் ஃபில்டர் (ஒலியின் உயர் அதிர்வெண்களை வடிகட்டும் கணக்கு) ஓட்டிப் பார்க்கிறேன். சாம்பிளிங் 16 கிலோஹெர்ட்ஸ். 31 டேப் (ஒவ்வொரு சாம்பிளுக்கும் செய்யும் பெருக்கல்களின் எண்ணிக்கை) வரை 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை சுத்தமாக வருகிறது. 101 டேப் போட்டதும் ஸ்பீக்கரில் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி சத்தம். பத்து நாளாக இதே நிலை.

கிளாக் 168 மெகாஹெர்ட்ஸ்தான், எஃப்.பி.யு.வும் (தசம எண் கணக்குகளுக்கான சிப் பகுதி) ஆன். நண்பனின் போர்டிலும் இதேதான். அப்புறம் இன்டரப்ட் (ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஓடும் நிரல் பகுதி) தொடங்கும்போது ஒரு பின்னை ஏற்றி, முடியும்போது இறக்கி ஸ்கோப்பில் அளந்தேன்: 70 மைக்ரோசெகண்ட். அடுத்த சாம்பிளுக்கு இருப்பதோ 62.5தான். டேப்பைக் குறைத்துத் தப்பிக்க மனமில்லை. கன்வல்யூஷன் (சாம்பிள்களைப் பெருக்கிக் கூட்டும் இந்தக் கணக்கு) கண்முன் ஓடுவதைப் பார்க்கத்தானே இதை எடுத்தேன்.

சாம்பிள்களைப் பெருக்கும் கோஎஃபிஷியன்ட் எல்லாம் டபுளில் (64 பிட் தசம எண்) இருக்கின்றன. நேரத்தைத் தின்பது அதுவா, இல்லை டி.எம்.ஏ. (பிராசஸர் உதவியின்றித் தரவை நகர்த்தும் வசதி) வைத்து பிளாக் பிளாக்காகச் செய்தால்தான் சரியாகுமா?