ஏரோஜெல்: வளிக்களியா, வளிக்கூடா?

ஐயா, வணக்கம்.

> ஹைட்ரோஜெல் நீர்க்களி என்றால், ஏரோஜெல் வளிக்களிதானே?

என்று எழுதியிருந்தீர்கள். ஜெல்லின் ஈரத்தை எடுத்துவிட்டு, அதன் வலை அப்படியே நிற்க, அந்த இடத்தில் காற்றை நிரப்பிய பொருள்தான் ஏரோஜெல். உங்கள் சொல்லாக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் நேற்று அந்தச் சொல்லைத் தெருவில் இறக்கிப் பார்த்தேன். ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கும் மாமாவிடம், "திப்பி நாரில் வளிக்களி செய்யலாம் மாமா, கடலில் கொட்டின எண்ணெயை உறிஞ்சும்" என்றேன். "களியா? மாட்டுக்கா, மனுசனுக்கா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. திப்பி, மரவள்ளிக்கிழங்கில் மாவு எடுத்த பின் மிஞ்சும் சக்கை, மாட்டுத் தீவனத்துக்குப் போகிற சரக்கு. சேலத்தில் களி என்றால் கேழ்வரகுக் களி, ஈரமும் கனமுமாக வயிற்றில் உட்காருவது. நம் பொருளோ காய்ந்தது, உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாது. பெரும்பாலும் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் காற்று.

காற்று புகுந்ததைவிட, காய்ந்தும் அது சுருங்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மொட்டைமாடியில் ஜவ்வரிசி வடகம் ஊற்றுகிறோம். காலையில் தடிப்பாக இருந்த கூழ் சாயங்காலத்துக்குள் துணியோடு ஒட்டின தகடாகிவிடுகிறது. நீர் போகிற போக்கில், தன் பரப்பு இழுவிசையால் உள்ளே இருக்கும் வலையையும் இழுத்துப் படியவைத்துவிடுகிறது. 1931இல் அமெரிக்க வேதியியலாளர் கிஸ்ட்லர் அந்த இழுப்புக்கே வேலையில்லாமல் செய்தார். நீரை எடுத்துவிட்டு ஆல்கஹாலை ஏற்றி, அழுத்தத்தில் சூடாக்கி, திரவம் வாயு என்ற பேதமே இல்லாத நிலையில் மெல்ல வெளியே விட்டார். திப்பி நார் போன்ற தாவர நார்களில் இருக்கும் செல்லுலோஸ் என்றால் பலரும் உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை நேரே ஆவியாக்குகிறார்கள். எப்படியோ, குடியிருந்தவர் காலி செய்தார், வீடு இடியவில்லை.

ஆகவே 'வளிக்கூடு' என்கிறேன். எலும்புக்கூடு, தேன்கூடு மாதிரி.

---

தம்பி,

கூடு காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் தெர்மோகோலும் வளிக்கூடுதானே? ஏற்காட்டில் என் காபிக் களத்துக் கூரையில் குளவி கட்டியிருப்பதும் செல்லுலோஸ் கூடுதான், உள்ளே காற்றுதான். ஜெல்லில் இருந்து பிறந்தது என்ற தடயமே உங்கள் சொல்லில் இல்லை. சாதாரணமாகக் காய்ந்து சுருங்கும் ஸீரோஜெல்லுக்கு அப்புறம் என்ன பெயர் வைப்பீர்கள்?

இன்னொன்று, மாமாவிடம் நீங்கள் சொன்னது பாதிதான். செல்லுலோஸ் நீர்விரும்பி. அப்படியே கடலில் போட்டால் முதலில் தண்ணீரைக் குடித்து நமத்துப் போகும். சிலேன் போன்ற சிலிக்கான் சேர்மம் ஒன்றை ஏற்றி, நீரை விரட்டும்படி செய்த பிறகுதான் எண்ணெய்க்கு ஆகும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதியபோது, கரையில் ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளியது நினைவிருக்கும். அங்கே நமத்த பொரியால் என்ன பயன்?

---

ஐயா,

தெர்மோகோல் அடி சரியாகவே விழுந்தது. அதன் அறைகள் மூடியவை, எண்ணெய் நுழையாது என்று வாதாடலாம். ஆனால் அது 'கூடு' என்ற சொல்லில் தெரியவில்லை.

நமத்துப் போவதைச் சோதித்தே பார்த்தேன். ஒரு வட்டாவில் தண்ணீர், மேலே இரண்டு கரண்டி பழைய இன்ஜின் ஆயில். மருந்துக்கடைப் பஞ்சு தண்ணீரைக் குடித்து முழுகியது. கிழிந்த தலையணையில் இருந்து எடுத்த இலவம் பஞ்சு மிதந்தபடியே கறுத்தது. ஓரத்தில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. இரண்டும் செல்லுலோஸ் நார்தான். இலவம் பஞ்சுக்கு மெழுகுப் பூச்சும் குழல் போன்ற நாரும் பிறவியிலேயே உண்டு, நாம் சிலேனால் கொடுக்கிறோம். ஆக 'நீர்விரட்டி' என்பது தனி அடைமொழியாக முன்னால் வரட்டும், பெயருக்குள் திணிக்க வேண்டாம்.

உங்கள் களி, என் கூடு இரண்டையும் சேர்த்தால் 'களிக்கூடு'. களியின் நீர் போய்க் கூடு மட்டும் நின்றது. சுருங்கிப் போன ஸீரோஜெல் 'களிவற்றல்'. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதும் தெரிகிறது. செல்லுலோஸ் செல்லுலோஸாகவே இருக்கட்டும், அதையும் இப்போது கிளற வேண்டாம்.

சரி, மாமாவிடமும் சொல்லிப் பார்த்தேன். ஆலைச் சத்தத்தில் அவர் காதில் கோழிக்கூடு என்று விழுந்திருக்கிறது. எத்தனை கோழி என்கிறார்.