புதுத்தண்ணி வந்ததும் விரால் தூண்டில் எப்போ போடலாம்?

கேள்வி:
எனக்குப் பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரை. ஜூன் 12ல் மேட்டூர் திறந்தா மூணு நாலு நாள்ல கல்லணைக்குத் தண்ணி வந்துடும். போன வருஷம் எங்க ஊரைத் தொட்ட அன்னைக்கே தூண்டிலோடு இறங்கினேன். பொழுது சாயும் வரை தக்கை அசையலை. முள்ளில் மாட்டினது செத்தைதான். எத்தனை நாள் பொறுக்கணும்? மண்புழுவா, தவளையா?

பதில்:
தம்பி, முதல் தண்ணி ஒரே கலங்கல். விரால் இரையைக் கண்ணால பார்த்துப் பாயுற மீன், அதுக்கு ஒண்ணும் தெரியாது. தண்ணி தெளியுற வரை பொறு. நட்டாத்து இழுப்பிலும் அது நிக்காது. வாய்க்கால் மதகுக்குக் கீழே, கோரை ஓரம், ஆகாயத்தாமரை விலகின சந்து, அங்கே உட்காரு. விடிகாலையில் சத்தம் போடாம பாரு, மூச்செடுக்க மேலே வந்து 'ளபக்'னு ஒரு சுழி போடும். அந்த இடத்துக்கு ரெண்டு முழம் தள்ளிச் சின்னத் தவளையை விடு. கவ்வினதும் சுண்டாதே, தூண்டில் நரம்பைக் கொஞ்சம் விடு, அது விழுங்கட்டும். மண்புழு கெளுத்திக்கு ஆகும்.

பதில்:
அண்ணன் சொன்னது சரி. ஒண்ணு மட்டும்: செவப்பா குஞ்சுக் கூட்டம் மேலே மொய்ச்சா அங்கே தூண்டில் போடாதீங்க. தாயும் தகப்பனும் கீழே காவல் நிக்கும். சின்ன வயசுல நான் அப்படி ஒண்ணைப் பிடிச்சுட்டேன். மறுநாள் போனா ஒரு குஞ்சுகூட இல்லை. இன்னைக்கும் மனசு உறுத்துது.

கேட்டவர்:
சரிங்கண்ணே. இந்த வருஷம் மதகடிக்கே போறேன்.