கோடை விடுமுறையில் கைத்தொழில் காட்ட எங்கே போகலாம்?

கேள்வி (அஸ்தம்பட்டிவாசி, சேலம்): வருஷா வருஷம் ஏற்காடு கோடை விழாவுக்குப் போய், அண்ணா பூங்காவில் பூவைப் பார்த்து, கூட்டத்தில் இடிபட்டுத் திரும்புகிறோம். இந்த முறை பிள்ளைகளுக்குச் சக்கரத்தில் பானை வனைவது, தறி நெய்வது எல்லாம் நேரில் காட்டலாம் என்று ஆசை. சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் இருக்கும் தக்ஷிணசித்ரா கைவினை அருங்காட்சியகத்துக்கு மே மாதத்தில் போனால் வெயில் தாங்குமா?

மலையடிவாரம்: போய் வந்தோம். 1996இல் திறந்த இடம், கட்டட வடிவமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் பங்கு உண்டு. செட்டிநாடு, கேரளம் என்று பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து அப்படியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள், அதனால் திண்ணையில் உட்கார்ந்தாலே குளிர்ச்சி. ஆனால் வீட்டுக்கு வீடு நடப்பது வெயிலில்தான். காலையில் திறந்ததுமே போய்விடுங்கள். என் மகள் களிமண்ணை விட்டு எழவே இல்லை, சட்டையெல்லாம் சேறு, அது வேறு கதை!

கொலுசுக்கடை: அட, அதற்குச் சேலத்திலிருந்து 340 கிலோமீட்டர் போக வேண்டுமா? இங்கேயே செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தெரிந்தவர் யாராவது இருந்தால் கொலுசுப் பட்டறைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். வெள்ளியை உருக்கி, கம்பியாக இழுத்து, பற்றவைக்கும் பொடி வைத்து ஊதி ஒட்டி, மெருகு ஏற்றி என்று ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு வீட்டில் நடக்கும். பெரும்பாலும் குடும்பமாகச் செய்கிற வேலை, சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன் என்று நுழையாதீர்கள், கேட்டுவிட்டுப் போங்கள்.

அஸ்தம்பட்டிவாசி: சரி, முதலில் கொலுசு. அப்புறம் முட்டுக்காடு. வெண்பட்டு நெய்யும் தறி பார்க்க யாரைக் கேட்கலாம்?