பெருவில் மணற்சறுக்கு: சென்று வந்தவர்களின் வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். பெரு நாட்டின் லிமாவிலிருந்து தெற்கே சுமார் 300 கி.மீ. தொலைவில், இகா நகரை ஒட்டி, உயர்ந்த மணற்குன்றுகள் சூழ அமைந்துள்ள வாகச்சினா பாலைவனச் சோலைக்கு, மணற்சறுக்கு விளையாட்டுக்காக நானும் என் தங்கையும் செல்லவிருக்கிறோம். மணலில் ஓடும் பக்கி வண்டியில் குன்றின் உச்சிக்கு அழைத்துச் சென்று, அடிப்பக்கம் மெழுகு தேய்த்த பலகையில் படுத்தபடி சறுக்கவிடுவதே அங்கு பெருவழக்கு. நாங்களோ பாதங்களைப் பலகையோடு பிணைத்து, நின்றபடி சறுக்கக் கற்க விரும்புகிறோம். அதற்கேற்ற பலகையும் பொறுமையான பயிற்சியும் அங்கேயே கிடைக்குமா?

நாஸ்கா அருகே, கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் செர்ரோ பிளாங்கோ மணற்குன்றில் வெயிலுக்கு முன்பே நடந்து ஏற வேண்டும் என்பதால், புதியவர்கள் அதை முயலலாமா என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். தங்கைக்கு ஆஸ்துமா இருப்பதால், மணற்புழுதியைத் தடுக்க நீங்கள் பயன்படுத்தியவற்றையும் அவசியம் குறிப்பிடுங்கள்.