தரைக்குழாய்ல ஓடற தண்ணியிலயே குளிக்கறதா?

மாம்பலம்_72: நேத்து அம்பத்தூர் பிளம்பர் இங்க எழுதினதைப் படிச்சதுலேர்ந்து மனசு ஆறலை. என் தங்கை கோத்தகிரில கட்டற வீட்டுக்கு ஒரே ஹீட்டராம். தரையைச் சூடாக்க அடியில குழாய்ல சுத்தற அதே சுடுதண்ணி பாத்ரூம் குழாய்லயும் வருமாம். ரெண்டு தண்ணியும் கலக்காம சூட்டை மட்டும் கடத்தற ஹீட் எக்ஸ்சேஞ்சர் நடுவுல வெட்டிச் செலவாம். ஒரே ஹீட்டரை நான் மறுக்கலை, ஒரே தண்ணியைத்தான் மறுக்கறேன். தரைக்கு 35லேர்ந்து 45 டிகிரி போதும். நுரையீரலைத் தாக்கற லெஜியோனெல்லா கிருமிக்கும் அந்தச் சூடுதான் கொண்டாட்டம். ஏப்ரல், மே மாசத்துல தரைச்சூட்டை நிறுத்தினா தண்ணி அப்படியே கிடக்கும்.

அம்பத்தூர்_பிளம்பர்: கிடக்காது சார். நான் போடற லைன்ல பச்சத்தண்ணி மொதல்ல தரைக்குழாயைச் சுத்திட்டுத்தான் ஹீட்டருக்குப் போகும். 16 மில்லி குழாய் 300 மீட்டர் ஓடினா உள்ள இருக்கறதே 34 லிட்டர். ரெண்டு பேர் குளிச்சா மாறிடும். எக்ஸ்சேஞ்சர் போட்டா இன்னொரு பம்ப், எக்ஸ்பான்ஷன் டேங்க்னு நீளும். 22 வருஷமா ஸ்பானர் பிடிக்கறேன், படிச்சுட்டு வந்து பேசலை.

மாம்பலம்_72: ஆளே இல்லாத வீட்ல எந்த ரெண்டு பேர் குளிப்பாங்க? தங்கை வருஷத்துல பாதி நாள் வேளச்சேரில. தண்ணி கிடக்கும். 1976ல பிலடெல்பியா ஓட்டல்ல 25 பேருக்கு மேல செத்தது இந்தக் கிருமியாலதான்.

அம்பத்தூர்_பிளம்பர்: அது ஏசி கூலிங் டவர். தெரிஞ்சுகிட்டு எழுதுங்க.

மாம்பலம்_72: கிருமி ஒண்ணுதானே? ஷவர்ல தெறிக்கற திவலையை மூச்சுல இழுத்தாலும் நுரையீரலுக்குத்தான் போகும்.

மடிப்பாக்கம்_மாமி: எங்க கீசரை 50லதான் வெச்சிருக்கேன். 60 வெச்சா போர் தண்ணி உப்பு படிஞ்சு காயில் போயிடுதுன்னு சர்வீஸ் பையன் சொன்னான். அப்ப எங்களுக்கும் கிருமியா?

மாம்பலம்_72: மாமி, வாரம் ஒருநாள் 60க்கு மேல ஏத்துங்க. 25 லிட்டரை 27லேர்ந்து 60க்குக் கொண்டுபோக ஒரு யூனிட்தான் ஆகும். உப்புக்குப் பயந்து கிருமியை வளர்க்காதீங்க.

அம்பத்தூர்_பிளம்பர்: காயில் மாத்தற காசை இவரா தருவாரு? மாமி, 50லயே விடுங்க.

மாம்பலம்_72: போன மழையில சம்ப்ல சாக்கடை கலந்தப்போ 'குளோரின் போட்டா போதும்'னு சொன்னதும் நீங்கதான். எங்க பிளாக்ல பாதி வீடு வாந்திபேதில கிடந்தது. மறக்கலை.

அம்பத்தூர்_பிளம்பர்: சம்ப்பைக் கழுவச் சொன்னேன். உங்க அசோசியேஷன் கழுவலை. அதுக்கும் நானா?

பல்லாவரம்_பையன்: தை மாசத்துலயும் ஃபேன் போட்டுத் தூங்கற ஊர்ல உக்காந்துட்டு தரையைச் சூடாக்கச் சண்டையா?

மாம்பலம்_72: கோத்தகிரில மார்கழி ராத்திரி படுத்துப் பாருங்க தம்பி. அம்மாவுக்கு 78 வயசு. கால் வைக்க முடியாம அழறாங்க. அதுக்காகத்தான் இவ்வளவும்.

அண்ணாநகர்_மேற்கு: என் பையன் சியோல்ல இருக்கான். அங்க தரைக்கும் குளியலுக்கும் ஒரே பாய்லர்தான்.

அம்பத்தூர்_பிளம்பர்: பாத்தீங்களா சார்? கொரியாக்காரன் முட்டாளா?

மாம்பலம்_72: ஒரே பாய்லர், ஒரே தண்ணி இல்ல! அந்த பாய்லருக்குள்ளயே தகடு தகடா எக்ஸ்சேஞ்சர் இருக்கு. தரைத்தண்ணி தனியா சுத்தும், குழாய்த்தண்ணி தனியா வரும். இதைத்தானே காலையிலேர்ந்து கத்தறேன்?

அம்பத்தூர்_பிளம்பர்: கழட்டிப் பாத்தீங்களா?

மாம்பலம்_72: நீங்க பாத்தீங்களா? பூட்டின வீட்ல தண்ணி கிடக்குமா, கிடக்காதா? அதுக்கு மட்டும் பதில்.

அம்பத்தூர்_பிளம்பர்: மாறும்னு முதல்லயே எழுதியாச்சு. மேல போய்ப் படிங்க.

மாம்பலம்_72: பூட்டின வீட்ல?