"மட்டுப்பாடுகள்" பந்தியில் என்ன எழுதினீர்கள்? திருகோணமலையில் களப்பணி செய்தவர்களின் அனுபவங்கள்

உப்புவெளி, ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் மாணவி

எங்கள் துறையின் பழைய ஆய்வேடுகளைப் புரட்டிப் பார்த்தால், ஆய்வின் குறைகளைச் சொல்லும் "மட்டுப்பாடுகள்" பகுதியில் எல்லாவற்றிலும் ஒரே பந்தி வருகிறது: காலம் போதவில்லை, பணம் போதவில்லை, சிலர் வினாக்கொத்தை நிரப்ப மறுத்தார்கள். ஆய்வு எதைப் பற்றியதாயினும் இந்த மூன்றும் மாறுவதில்லை. இந்த மாவட்டத்தில் களத்தில் இறங்கியவர்கள், தங்கள் ஆய்வின் உண்மையான மட்டுப்பாட்டை எங்கே சந்தித்தீர்கள், அதை எப்படி எழுதினீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மூதூர், மீனவர் வருமானம் பற்றி ஆய்வு செய்தவர்

தங்கச்சி, என்னுடைய வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) வெளிவாரிப் பரீட்சகர் முதலில் திறந்ததே அந்தப் பந்தியைத்தான். "காலம் போதவில்லை என்கிறீர்கள். போதியிருந்தால் உங்கள் அட்டவணைகளில் எந்த இலக்கம் மாறியிருக்கும்?" என்று கேட்டார். அவர் தேடிய விடை காலத்தில் இல்லை, இடத்தில் இருந்தது.

கரைவலைத் தொழிலாளரிடம் வருமானத்தையும் கடனையும் கடற்கரையில் வைத்தே கேட்டிருந்தேன். வலையை இழுத்து முடித்து, மீனை இனம் பிரித்து, வியாபாரிகள் விலை பேசுகிற அந்த நேரத்தில் எல்லோரையும் ஓரிடத்தில் பிடித்துவிடலாம் என்பதால், ஆய்வாளருக்கு அதைவிட வசதியான வேளை கிடையாது. ஆனால் வலைக்குச் சொந்தக்காரரும் முற்பணம் கொடுப்பவருமான சம்மாட்டியும் அங்கேதான் நிற்பார். முற்பணமாக எவ்வளவு வாங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டால், பதில் வருவதற்கு முன்னர் பலருடைய கண் அவர் பக்கம் போய் வரும். ஒருவர் கையிலிருந்த கயிற்றைச் சுருட்டியபடியே, "கணக்கெல்லாம் அவருக்குத்தான் தெரியும், அவரிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவருடைய வினாக்கொத்தில் "பதில் இல்லை" என்று குறித்தேன். அந்தப் பதிலின்மையும் ஒரு தரவு என்று பரீட்சகர்தான் காட்டித் தந்தார்.

அவர் மாதிரியைக் கூட்டச் சொல்லவில்லை. கடன் பெரும்பாலும் குறைத்தே சொல்லப்பட்டிருக்கும் என்பதால், நான் தந்த சராசரியைக் கீழெல்லையாக வாசிக்க வேண்டும் என்று எழுதும்படியும், அதை அந்த அட்டவணைக்குக் கீழேயே எழுதும்படியும் சொன்னார். திருத்தத்துக்குக் கிடைத்த காலத்தில் சிலரை வீட்டில் சந்தித்துக் கேட்டபோது, அநேகமாகக் கூடிய தொகையே வந்தது.

கிண்ணியா, பொதுச் சுகாதாரத் துறையில் பணிபுரிபவர்

மேலே அண்ணன் சொன்னதற்கு எங்கள் துறையில் எழுதப்பட்ட வழிகாட்டலே இருக்கிறது. அவதானிப்பு ஆய்வுகளை அறிக்கையிடுவதற்காக 2007 இல் வெளியான ஸ்ட்ரோப் அறிக்கையின் 22 அம்சங்களில் 19ஆவது, மட்டுப்பாடுகளைப் பற்றியது. சாய்வு, அதாவது தரவை ஒரு பக்கமாக இழுக்கும் பிழை, இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதோடு அது நிற்பதில்லை. அந்தச் சாய்வு முடிவை எந்தத் திசையில், எவ்வளவு தூரம் தள்ளியிருக்கும் என்பதையும் பேச வேண்டும் என்கிறது.

2017 இல் டெங்கு கிண்ணியாவை உலுக்கியதை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டை வைத்து ஆய்வு செய்ய வரும் மாணவர்கள் பெரும்பாலும் வைத்தியசாலைப் பதிவுகளையே கேட்கிறார்கள். விடுதியில் அனுமதிக்கப்பட்டவர் மட்டுமே அந்தப் பதிவில் இருப்பார். பரசிற்றமோல் போட்டுக்கொண்டு வீட்டிலேயே காய்ச்சலைக் கடத்தியவரும், தனியார் மருந்தகத்தோடு நிறுத்திக்கொண்டவரும் இருக்க மாட்டார்கள். இதனால் ஊரில் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்ற எண்ணிக்கை உண்மையைவிடக் குறையும்; நோய் கண்டவர்களில் எத்தனை வீதத்தினர் கடுமையான நிலைக்குப் போனார்கள் என்பதோ உண்மையைவிடக் கூடும். மட்டுப்பாடு ஒன்றுதான், ஆனால் இரண்டு முடிவுகளை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கிறது. "தரவு முழுமையானதல்ல" என்ற ஒற்றை வரி இதில் எதையும் வாசகருக்குச் சொல்லாது.

நிலாவெளி, கடல்சார் கணக்கெடுப்புகளில் உதவியாளர்

எங்கள் கரைக்கு அப்பால் உள்ள புறாமலைத் தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே முருகைக்கற்களை எண்ணுவதற்கு நான் படகில் கூடப் போனதெல்லாம் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில்தான். வாடைக்காற்று எழுந்தால் படகும் போகாது, போனாலும் கலங்கிய நீருக்குள் ஒன்றும் தெரியாது. ஆகவே "ஆண்டு முழுவதும்" என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் அந்தத் தரவு தாங்காது.

திருகோணமலை நகர், புவியியல் ஆசிரியர்

எங்கள் மாவட்டத்தின் குடித்தொகையை வைத்து எழுதுபவர்களுக்கு ஒரு சொல். 1981 இல் முழுமையான குடிசன மதிப்பீடு நடந்தது. 2001 இல் இங்கே பகுதியளவில்தான் நடத்த முடிந்தது. அடுத்த முழுமையான குடிசன மதிப்பீடு 2012 இல்தான் நடந்தது. மாணவர்கள் இரண்டு முனைகளையும் அடிமட்டத்தால் இணைத்து, சீரான வளர்ச்சி என்று எழுதிவிடுகிறார்கள். 1990இன் இடப்பெயர்வும், 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையும், 2006 இல் சம்பூர் மக்கள் ஊரைவிட்டுப் போனதும் அந்தக் கோட்டுக்கு அடியில் காணாமற் போகின்றன. இடைப்பட்ட ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தொகைகளில் பெரும்பாலானவை கணிக்கப்பட்டவையே தவிர, வீடு வீடாக எண்ணப்பட்டவை அல்ல. என்னிடம் வருபவர்களை அந்த இடைவெளியில் புள்ளிக்கோடு போடச் சொல்கிறேன். வரைபடம் அழகு கெடுகிறது என்று முறையிடுகிறார்கள், கெடட்டும்.

உப்புவெளி, மாணவி

எல்லோருக்கும் நன்றி. ஒரு பயம் மட்டும் இருக்கிறது. என் தோழி ஒருத்தி இப்படித் திறந்து எழுதி அனுப்பிய கட்டுரையை, அவள் எழுதிய அதே வரிகளை எடுத்துக்காட்டியே ஒரு சஞ்சிகை திருப்பி அனுப்பியது.

மூதூர், மீனவர் வருமானம் பற்றி ஆய்வு செய்தவர்

அது நடக்கத்தான் செய்யும், இல்லை என்று சொல்ல மாட்டேன். மறைத்து எழுதியவரின் கட்டுரை வெளியாகி, திறந்து எழுதியவருடையது திரும்புவது அநியாயம்தான். ஆனால் மறுபக்கத்தையும் கண்டிருக்கிறேன். என் ஆய்வின் சுருக்கத்தை ஓர் அலுவலகம் கேட்டு வாங்கியது. பின்னர் அவர்களுடைய திட்ட அறிக்கையில் என் சராசரிக் கடன் தொகை மட்டும் வந்தது, கீழெல்லை என்ற குறிப்பு வரவில்லை. நிவாரணக் கடனின் உச்சவரம்பை அந்தத் தொகையை வைத்தே கணக்கிட்டிருந்தார்கள். அதன்பிறகு மட்டுப்பாட்டைத் தனிப் பந்தியில் மட்டும் விடுவதில்லை. "சம்மாட்டியின் முன்னிலையில் கேட்கப்பட்டபோதே குறைந்தது இவ்வளவு கடன் இருப்பதாகச் சொன்னார்கள்" என்று முடிவு வாக்கியத்துக்குள்ளேயே சேர்த்து எழுதுகிறேன். இலக்கத்தை எடுப்பவர் அதையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டிவரும்.